கால் நனைந்தால் ஆனந்தம்... இடுப்பு நனைந்தால் ஆபத்து!

மெரினாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களே, ஒரு நிமிடம்!

(நமது நிருபர்)

மணலில் நாலு ஜோடி செருப்பு. பக்கத்தில் மடித்து வைத்த சட்டைகள். ஒரு சட்டையின் மேல் செல்போன். அது விடாமல் அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை.

நாலு பேரில் மூன்று பையன்கள் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று பேரும் கடலையே பார்க்கிறார்கள். நாலாவது பையனைக் காணோம்!

போனில் மின்னும் பெயர்: "அம்மா".

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மெரினாவில் நாம் கண்ணால் பார்த்த காட்சி இது. அந்த போனை எடுத்துப் பேசும் தைரியம் அங்கே நின்ற யாருக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு போலீஸ்காரர்தான் எடுத்தார். "அம்மா... நீங்க எங்கேருந்து பேசறீங்க?" என்று கேட்டவர், அதற்கு மேல் பேச முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து நூறடி தள்ளி ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சு மிட்டாய்க்காரர் மணி அடித்தார். "தேங்கா... மாங்கா... பட்டாணி சுண்டல்!" என்று ஒரு சிறுவன் கூவிக்கொண்டு போனான்.

இதுதான் மெரினா! பட்டணத்து ஏழைக்கும் பணக்காரனுக்கும் டிக்கெட் இல்லாமல் கிடைக்கும் ஒரே உல்லாசம். அதே மெரினாதான் வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதும்!

குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு ஞாயிறு இரவு ஸ்டேஷனிலிருந்து வரும் தகவல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "நண்பர்களுடன் குளித்தபோது ராட்சத அலையில் சிக்கி..." பெயரும் ஊரும் வயதும் மட்டும் மாறும்.

ராட்சத அலை என்று எழுதி எழுதி நமக்கே கை சலித்துவிட்டது. உண்மையில் அது ராட்சத அலையா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு ஞாயிறு மாலை முழுக்க மணலில் சுற்றினோம்.

படிக்கிறவர்கள் பயந்து வீட்டிலேயே உட்கார வேண்டாம். தாராளமாகப் போங்கள். ஆனால், விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்!

"வாசப்படி மாதிரி சார்!"

நொச்சிக்குப்பம் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சிறு வயதில் கட்டுமரம் தள்ளியவர்.

"ஏன் பெரியவரே, கடலிலேயே பொழுதைக் கழிக்கிற உங்க ஆளுங்களை விட்டுட்டு, குளிக்க வர்றவனை மட்டும் கடல் இழுக்குதே, ஏன்?" என்றோம்.

பெரியவர் சிரித்தார். "எங்களையும்தான் இழுக்குது. எங்களுக்கு அது எங்கே இழுக்கும்னு தெரியும். உங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர் கடலு வாசப்படி மாதிரி சார். ஒரு படி இருக்கும், நிப்பே. அடுத்த படி இருக்காது!" என்றார்.

நூற்றுக்கு நூறு உண்மை!

சில கடற்கரைகளில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. மெரினா அப்படி இல்லை. மணல் சட்டென்று சரிந்து இறங்குகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறவன் இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு வந்துவிடும். கால் ஊன்ற இடம் கிடைக்காது. நீச்சல் தெரியாதவன் கதை அங்கேயே முடிந்தது.

நீச்சல் தெரிந்தவன்?

அவனைப் பிடிக்க இன்னொரு ஆசாமி காத்திருக்கிறான்!

அமைதியாக இருக்கும் எமன்

கரைக்கு வரும் அலைத் தண்ணீர் எல்லாம் மறுபடி கடலுக்குள் போக வேண்டும் அல்லவா? அது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போவதில்லை. அடியில் இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால், தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வாய்க்கால் போலப் பாய்ந்து கடலை நோக்கி ஓடுகிறது. இதுதான் ஆளை இழுக்கும் நீரோட்டம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மேலே பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாக இருக்கும்! இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடையும். நடுவில் மட்டும் நுரை இல்லாமல், கொஞ்சம் கறுத்து, குளம் மாதிரி தெரியும்.

"அலை இல்லாத இடம், குழந்தையை இங்கே விடலாம்" என்று பெற்றவர்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போவது அங்கேதான்!

நீரோட்டம் வேகம் பிடித்தால், நீச்சல் வீரனாலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. எதிர்த்து நீந்துகிறவன் இருந்த இடத்திலேயே கை கால் அடித்து, களைத்து, மூழ்கிப்போகிறான். ஆளைக் கொல்வது நீரோட்டம் பாதி, களைப்பு மீதி!

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மூன்றே விஷயம்:

ஒன்று - பதறாதீர்கள். நீரோட்டம் ஆளை வெளியே இழுக்குமே தவிர, அடியில் போட்டு அமுக்காது. மல்லாந்து மிதக்க முடிந்தால் மிதந்து மூச்சைப் பிடியுங்கள்.

இரண்டு - கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். நீரோட்டத்தின் அகலம் கொஞ்சம்தான். அதை விட்டு விலகியதும், அலை உடைகிற பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.

மூன்று - கையைத் தூக்கி ஆட்டுங்கள், கத்துங்கள்.

கரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நண்பனைக் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள்! ஒரே சம்பவத்தில் இரண்டு, மூன்று உயிர் போவது இப்படித்தான். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், கார் டியூப் என்று மிதக்கிற எதையாவது வீசுங்கள். மீனவர்களையும் உயிர்காப்புப் படையினரையும் கூப்பிடுங்கள். போனில் 112 அடியுங்கள்.

மெரினாவில் குளிக்கப் போலீஸ் தடை இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. அந்தப் பலகையில் ஈரத் துணியைக் காயப்போட்டுவிட்டு மறுபடி குளிக்க ஓடியவர்களையும் அன்று மாலை பார்த்தோம். என்ன சொல்வது!

காற்றே இல்லாமல் வரும் கள்ளக்கடல்

"இன்னிக்குக் காத்தே இல்லையே, கடல் சும்மாதான் இருக்கும்" என்று நினைப்பதும் தப்பு.

எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயலால் எழும் அலை, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி நம் கரைக்கு வந்து, திடீரென்று பொங்கும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடன் மாதிரி வருவதால் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர்.

2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் பொங்கும் என்ற எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. படித்த பிள்ளைகள். நாளைக்கு நாலு உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள். ஐந்து வீடு இருண்டது!

ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. டி.வி.யில் "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொன்னால், அது மீனவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நமக்கும்தான்.

2004 டிசம்பர் 26-ம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் நடக்க வந்தவர்களும், கிரிக்கெட் ஆட வந்த பையன்களும், மீன் விற்க உட்கார்ந்த பெண்களும் இதே மணலில்தான் இருந்தார்கள். சுனாமி வந்தது. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் பலியானார்கள். அன்று எச்சரிக்கை சொல்ல ஏற்பாடு இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. சொல்லும்போது கேட்பதுதான் இனி நம் வேலை!

துறைமுகம் கொடுத்த மணல்

இவ்வளவு அகலமான மணல் வெளி ஆதியிலிருந்தே இருந்ததா? இல்லை!

முன்பெல்லாம் கடல் கிட்டத்தட்ட சாலை ஓரம் வரை வந்து போனது. 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-ல் ஒரு பெரும் புயல் அடித்து, கட்டிய சுவரை நாசமாக்கியது. மறுபடி கட்டினார்கள்.

வருடத்தில் பெரும்பகுதி, நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் சேர்ந்தது. மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கே இன்று மணலுக்குப் பதில் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆக, திருவல்லிக்கேணிக்காரர் சுண்டல் தின்கிற மணல், ராயபுரத்துக்காரருக்குப் போக வேண்டிய மணல்! 'மெரினா' என்று பெயர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். 1880-களில் உலாவும் சாலை போட்டவரும் அவரே.

தண்ணீரில் இறங்காமலே திருவிழா!

"குளிக்காம பீச்சுக்கு எதுக்கு சார் போவணும்?" என்று கேட்டார் ஒரு ஆட்டோ டிரைவர். அவருக்காகவே இந்தப் பகுதி.

உழைப்பாளர் சிலையில் ஆரம்பியுங்கள். நாலு பேர் உயிரைக் கொடுத்துப் பாறையை நகர்த்துகிறார்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-ல் வைத்தார்கள். இந்தியாவிலேயே முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் மறந்தாலும் இங்கே மறக்காது.

அப்படியே நடந்தால் திருவள்ளுவர், அவ்வையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், ஜி.யு.போப், வீரமாமுனிவர், கண்ணகி என்று வரிசையாகச் சிலைகள். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தவை. கண்ணகி சிலை 2001-ல் அகற்றப்பட்டு 2006-ல் திரும்ப வந்தது. வழக்காட வந்தவளுக்கே வாய்தா!

விவேகானந்தர் இல்லத்துக்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். பிரிஜ் இல்லாத காலத்தில், அமெரிக்காவில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்து வைத்தார்கள். 1842-ல் கட்டிய கட்டடம். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார்.

அந்தப் பக்கத்தில்தான் மாற்றுத் திறனாளிகளுக்கான மரப்பாதை. 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் உடைத்துப் போட்டது. சரி செய்தார்கள். 260 மீட்டருக்கு மேல் நீளம். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியை அவர் பேரன் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தோம். கடல் ஓரம் நின்றதும் பாட்டி ஒன்றும் பேசவில்லை. கையைக் கூப்பினார்.

தெற்குக் கோடியில் கலங்கரை விளக்கம். 1977-ல் எரியத் தொடங்கியது. லிப்ட் வசதி உள்ள அபூர்வமான கலங்கரை விளக்கங்களில் ஒன்று. பல ஆண்டுகள் மூடி வைத்திருந்துவிட்டு, 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேலே ஏறிப் பார்த்தால் ஊரே கைக்குள்! கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே ராட்டினம், குதிரை சவாரி, பலூன் சுடுவது, மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், பொரித்த மீன்... பொழுது போகவில்லை என்று யார் சொல்வார்?

காணாமல் போகும் பிள்ளைகள்

அன்று மாலை ஆறரை மணி. பச்சைக் கவுன் போட்ட ஒரு சிறுமி, வயது நாலு இருக்கும், சோளம் சுடுகிற அம்மாவின் வண்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள்.

"உங்க அப்பா பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அப்பா" என்றது குழந்தை.

"வீடு எங்கே?"

"மாடியிலே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். போன் நம்பர் தெரியாது, ஊர் தெரியாது. அப்பா பேர் அப்பா! லட்சம் பேர் கூட்டத்தில் எங்கே போய்த் தேடுவது?

சோளக்கார அம்மா குழந்தையை வண்டி மேலேயே உட்காரவைத்தார். "ஒசரமா ஒக்காந்தா தேடறவங்க கண்ணுல படும்" என்றார். கால் மணி நேரத்தில் தகப்பனார் ஓடி வந்தார். வேர்த்து விறுவிறுத்து, ஒரு காலில் செருப்பு இல்லை. குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தவர், அடுத்த நொடி ஓங்கி ஒரு அடியும் வைத்தார். பிறகு அவரே அழுதார்.

காணும் பொங்கலுக்குப் போலீசார் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறார்கள். கடலுக்கு முன்னால் தடுப்புக் கட்டைகளும் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு! ஆனால் மற்ற நாட்களில் யார் கட்டுவது? வீட்டிலேயே நாம் கட்டலாமே! ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிச் சட்டைப் பையில் வைக்க எத்தனை நேரம் ஆகும்? மணலில் உட்கார்ந்ததும், "தொலைஞ்சு போனா இந்தச் சிலைகிட்டே வந்து நில்லு" என்று ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள். தனியாக அழும் குழந்தையைப் பார்த்தால் 1098-க்கு அல்லது பக்கத்துப் போலீஸ் பூத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மணலில் பிள்ளை பள்ளம் தோண்டும்போது பெரியவர்கள் கண் போனில் இருக்கக்கூடாது. தண்ணீரில் மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. மூச்சுக்கே இடமில்லாதவனுக்குச் சத்தம் எப்படி வரும்? சத்தமில்லாமல்தான் போகிறான்!

தெற்கே போகலாமா?

லீவு நாள் முழுசாக இருந்தால் கடலோரமாகவே தெற்கே போகலாம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் வெள்ளை வளைவோடு ஒரு மண்டபம் நிற்கிறது. காதலர்கள் கட்டிய மண்டபம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை! அது ஒரு டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30-ந் தேதி, இங்கே நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர் ஷ்மிட். சுமார் நூறு வருடமாக அந்த மண்டபம் நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே நிற்கிறது. நாம்தான் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கடலில் இறங்குகிறோம்!

ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். 1988 முதல் மாணவர்கள் ராத்திரியில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் ஏழு வாரத்தில் குஞ்சு பொரித்து, உள்ளங்கை அளவுகூட இல்லாத ஆமைகள் கடலை நோக்கி ஓடும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறு காட்சி உண்டா?

இன்னும் போனால் முட்டுக்காடு படகுத் துறை. உப்பங்கழித் தண்ணீரில் சவாரி. உயிர்காக்கும் மேல்சட்டை கொடுத்தால் "வேணாம், புழுக்கமா இருக்கு" என்று சொல்லாமல் மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்து கோவளம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச 'நீலக்கொடி' 2021-ல் கிடைத்த கடற்கரை. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கியது. கல் மாதிரி கிடக்கும் முதலை கண் சிமிட்டும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் காதை அடைக்கும்!

கடைசியில் மாமல்லபுரம். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு வருடமாக அலை ஓரம் நிற்கிறது. கோயில் நிற்கும், நாம் நிற்க முடியாது. அந்தக் கடலும் இழுக்கிற கடல்தான். கோயிலைப் பாருங்கள், அர்ச்சுனன் தபசைப் பாருங்கள், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளிப் பாருங்கள். அலையைத் தள்ளி நின்று பாருங்கள்!

கரைக்குக் கொண்டுவந்த பிறகு...

மூழ்கியவரை மீட்டுக் கரையில் போட்டால், உடனே வயிற்றை அமுக்குவதும், தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவதும் நம் ஊர் வழக்கம். தப்பு! நேரம் வீணாகும், வாந்தி மூச்சுக்குழலை அடைக்கும்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையா? மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்கட்டும். 108 வரும் வரை நிறுத்தாதீர்கள். மூழ்கியவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லே" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

அந்த போன்...

முதலில் சொன்ன பையனுக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா?

மறுநாள் விடியற்காலை சீனிவாசபுரம் பக்கம் கரை ஒதுங்கினான். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். வேலை தேடிப் பட்டணம் வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை அவன் கடலைப் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய தாயார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்கே இறங்கக்கூடாதுன்னு அவனுக்கு யாருமே சொல்லலியா?"

பலகை இருந்தது. போலீஸ் விசில் ஊதியது. ஆனாலும் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை.

வருகிற ஞாயிறு நீங்கள் மெரினா போகும்போது, வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தால், சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டு போய்ச் சொல்லுங்கள்:

"தம்பி, கால் நனைச்சது போதும். மேலே வாப்பா!"

முறைத்தால் முறைக்கட்டும். திட்டினால் திட்டட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி!